பாதி அழுத்தத்தில் என்ன கேட்க வேண்டும்? சிந்தசைசரில் மாடுலேஷன் வளைவுகள்

ஒலி நன்றாக இருக்கும், ஆனால் வாசிக்கக் கை வராது. அப்படிப்பட்ட பேட்ச்கள் (சிந்தசைசரில் அமைத்து வைக்கும் ஒலிகள்) நிறைய உண்டு. மாட் வீலை, அதாவது கீபோர்டில் உள்ள கட்டுப்பாட்டுச் சக்கரத்தை, கால்வாசி தள்ளும்வரை ஒன்றுமே நடக்காது, அதன்பின் எல்லாம் ஒரேயடியாக வந்து கொட்டும். மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஃபில்டர் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும். உடனே ஆசிலேட்டரை மாற்றுவோம், வேறு ஃபில்டர் வகையைப் போட்டுப் பார்ப்போம். கோளாறு பெரும்பாலும் அவற்றில் இருப்பதில்லை. வீல், வெலாசிட்டி போன்ற ஒரு சோர்ஸ், ஃபில்டர், ஒலியளவு போன்ற ஒரு டெஸ்டினேஷனை அசைப்பதுதான் மாடுலேஷன். சோர்ஸிலிருந்து கிளம்பும் எண் டெஸ்டினேஷனைப் போய்ச் சேர்வதற்குள் எப்படி வளைக்கப்படுகிறது என்பதில்தான் கோளாறு இருக்கிறது.

இந்தக் கட்டுரை முழுவதும் எல்லா மதிப்புகளையும் 0 முதல் 1 வரை என்றே வைத்துக்கொள்கிறேன். மிடியில் (கீபோர்டும் சிந்தசைசரும் பேசிக்கொள்ளும் மொழியில்) வரும் உச்ச எண்ணான 127 இங்கே 1. ஒரு வளைவை அடையாளம் காண அதன் நடுப்புள்ளி போதும்: உள்ளே 0.5 போனால் வெளியே என்ன வருகிறது? நேர்கோட்டில் 0.5 தான் வரும். அடுக்கு 2, அதாவது வர்க்கம் என்றால் 0.25, அடுக்கு 3 என்றால் 0.125. அடுக்கு 0.5, அதாவது வர்க்கமூலம் என்றால் 0.707. எஸ் வடிவ வளைவில் நடு 0.5 ஆகவே இருக்கும். அதற்குக் கால், முக்கால் புள்ளிகளைப் பார்க்க வேண்டும். வழக்கமான எஸ் வளைவில் 0.25 போனால் 0.156 வரும், 0.75 போனால் 0.844 வரும். எக்ஸ்பொனென்ஷியல், லாகரிதமிக், கான்கேவ், கான்வெக்ஸ் என்று மெனுவில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ஒரு தயாரிப்பில் எக்ஸ்பொனென்ஷியல் என்றிருப்பது இன்னொன்றில் தலைகீழாக இருக்கும். என்வலப்பில் (ஒரு சுரம் எழுந்து அடங்கும் வடிவத்தில்) அட்டாக்குக்கு, அதாவது ஏற்றத்துக்கு, ஒரு அர்த்தம்; டிகேவுக்கு, அதாவது இறக்கத்துக்கு, வேறு அர்த்தம். நடுப்புள்ளி மட்டும் ஏமாற்றாது.

வளைவைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, டெஸ்டினேஷன் ஏற்கெனவே வளைந்திருக்கிறதா என்று பார்ப்பது. இதைத் தவிர்ப்பதால்தான் பாதிப் பிரச்சினைகள் வருகின்றன. சோதனை எளிது. ஒரு மேக்ரோ நாப்பை (எதனுடனும் இணைக்கக்கூடிய குமிழை) ஃபில்டர் கட்ஆஃபுக்கு, அதாவது ஃபில்டர் வெட்டத் தொடங்கும் அதிர்வெண்ணுக்கு, முழு அளவில் இணையுங்கள். கட்ஆஃபைக் கீழ்க்கோடியில் வையுங்கள். மேக்ரோவை 25, 50, 75, 100 சதவீதத்தில் நிறுத்தி, திரையில் காட்டும் ஹெர்ட்ஸை எழுதிக்கொள்ளுங்கள். 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 ஹெர்ட்ஸில் முடியும் ஃபில்டரில் 112, 632, 3557, 20,000 என்று வந்தால், கட்ஆஃப் ஆக்டேவ் கணக்கில் நகர்கிறது (ஒரு ஆக்டேவ் என்றால் அதிர்வெண் இரட்டிப்பது). ஒவ்வொரு கால் பங்கும் ஏறத்தாழ இரண்டரை ஆக்டேவ். காது கேட்கும் விதமும் அதுதான் என்பதால் மேற்கொண்டு எந்த வளைவும் இல்லாமலே ஏற்றம் சீராகக் கேட்கும். 5015, 10,010, 15,005 என்று வந்தால் அது நேர்க்கணக்கு. முதல் கால் பங்கிலேயே எட்டு ஆக்டேவ் தீர்ந்துவிடும், மிச்சமுள்ள முக்கால் பங்கில் இரண்டு ஆக்டேவ்தான். அங்கே வளைவு கட்டாயம் வேண்டும். இவ்வளவு அகலமான வீச்சுக்கு அடுக்கு 3 அல்லது 4 தேவைப்படும்.

பல அனலாக் வகை சிந்தசைசர்களில் பிட்ச்சும் கட்ஆஃபும் ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஆக்டேவ் என்ற வழக்கத்தில் இயங்குகின்றன. வளைக்கும் வேலையை உள்ளே இருக்கும் எக்ஸ்பொனென்ஷியல் கன்வெர்ட்டர் செய்துவிடுகிறது. அதன்மேல் நாம் இன்னொரு அடுக்கு 3 வளைவைப் போட்டால், நாப்பின் முதல் பாதியில் ஃபில்டர் தூங்கும். சில பேட்ச்களில் அதுவே வேண்டியதாக இருக்கலாம். ஆனால் தெரிந்து போட வேண்டும்.

இரட்டை வளைவின் கெடுதல் ஒலியளவில்தான் மிகத் தெளிவாகக் கேட்கும். ஒரு கெப்பாசிட்டர் வடிவதால் உண்டாகும் டிகே இயல்பிலேயே எக்ஸ்பொனென்ஷியல். ஒரு டைம் கான்ஸ்டன்ட் கழிந்ததும் 36.8 சதவீதம் மிஞ்சும், இரண்டு கழிந்ததும் 13.5 சதவீதம். இதை நேர்க்கணக்கு விசிஏ (வோல்டேஜால் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் பகுதி) வழியாக விட்டால் ஒவ்வொரு டைம் கான்ஸ்டன்ட்டுக்கும் 8.7 டெசிபெல் வீதம் சீராக இறங்கும். தட்டிய கம்பி அடங்குவது போலவே இருக்கும். அதே என்வலப்பை, 60 டெசிபெல் வீச்சுள்ள எக்ஸ்பொனென்ஷியல் விசிஏவில் விட்டுப் பாருங்கள். முதல் டைம் கான்ஸ்டன்ட் முடிவதற்குள் 38 டெசிபெல் போய்விடும், இரண்டாவது முடியும்போது 52. முன்னால் ஒரு தட்டு, பின்னால் வெறுமை. டிகே நேரத்தை இரண்டு மடங்காக்கினாலும் வால் நீளாது, தட்டு மட்டும் தடிக்கும். டிகேவை எவ்வளவு ஏற்றினாலும் ஒலி தங்க மறுத்தால் நேரத்தை விட்டுவிட்டு வளைவைப் பாருங்கள். எக்ஸ்பொனென்ஷியல் என்வலப்புக்கு நேர்க்கணக்கு விசிஏ, எக்ஸ்பொனென்ஷியல் விசிஏவுக்கு நேர்கோட்டு என்வலப். இரண்டு ஜோடியும் சரிதான். இரண்டு பக்கமும் வளைவு என்பது தாளவாத்திய ஒலிகளில் வேண்டுமென்றே செய்யும்போது மட்டும் பயன்படும்.

அட்டாக்கில் கதை வேறு. கெப்பாசிட்டர் நிரம்பும்போது முதலில் வேகமாக ஏறி, உச்சியை நெருங்க நெருங்கத் தயங்கும். அந்தத் தயக்கம் முழுவதும் கேட்டால் அட்டாக் முடிகிற நேரமே தெரியாது. ஆகவே பல அனலாக் என்வலப்கள் உச்சியைவிட உயரமான ஒரு வோல்டேஜைக் குறிவைத்து ஏறும், உச்சியைத் தொட்டதும் அங்கேயே வெட்டிக்கொண்டு டிகேவுக்கு மாறும். குறி உச்சியைப் போல 1.5 மடங்கு என்றால், அட்டாக் நேரத்தின் பாதியில் அளவு 63 சதவீதம் எட்டியிருக்கும். அனலாக் அட்டாக்கை மென்பொருளில் வரைய விரும்புகிறவர்கள் இந்த 63ஐ நடுப்புள்ளியாக வைத்தால் போதும். பலர் 85, 90 என்று வைத்துவிடுகிறார்கள். அது அட்டாக்கையே சுருக்கிவிடுகிறது. மெதுவாக மலரும் பேட் ஒலிக்கு எதிர்த்திசை வளைவு, நடுவில் 30 அல்லது 35 சதவீதம், நன்றாக இருக்கும். யூரோராக் என்ற மாடுலர் சிந்தசைசர் வகையில் மேக் நாய்ஸ் நிறுவனத்தின் மேத்ஸ் மாட்யூலில் இதற்கென்றே ஒரு நாப் இருக்கிறது: லாகரிதமிக்கில் தொடங்கி நேர்கோடு வழியாக எக்ஸ்பொனென்ஷியல்வரை திருகலாம். ஒன்றைக் கவனியுங்கள். அதைத் திருகும்போது வடிவத்தோடு மொத்த நேரமும் மாறும். வடிவத்தை முதலில் முடிவு செய்துவிட்டு நேரத்தைப் பிறகு அமைப்பதே நல்லது.

இனி வெலாசிட்டி, அதாவது சாவியை எவ்வளவு வேகமாக அடிக்கிறோம் என்பதைச் சொல்லும் எண். இதில்தான் நேரம் செலவிட வேண்டும்.

வெலாசிட்டி எண் 1 முதல் 127 வரை வரலாம் என்பது ஏட்டுக்கணக்கு. கையில் அப்படி வருவதில்லை. டிஏடபிள்யூவில் (இசைப்பதிவு மென்பொருளில்) ஒரு ட்ராக்கைத் திறந்து, வழக்கமாக வாசிப்பதைப் போலவே மெதுவாக ஒரு நிமிடம், நடுத்தரமாக ஒரு நிமிடம், அழுத்தமாக ஒரு நிமிடம் பதிவு செய்து, பட்டைகளைப் பாருங்கள். கீபோர்டையும் கையையும் பொறுத்து எண்கள் மாறும். ஒரு பேச்சுக்கு, மென்மையானவை 30ஐ ஒட்டியும் நடுத்தரம் 70ஐ ஒட்டியும் அழுத்தமானவை 105ஐ ஒட்டியும் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒரு சா அலை, கட்ஆஃபுக்கு மேலுள்ளதை வெட்டும் லோபாஸ் ஃபில்டர், அடிப்படைக் கட்ஆஃப் 400 ஹெர்ட்ஸ், வெலாசிட்டியால் அதிகபட்சம் நான்கு ஆக்டேவ் ஏற்றம். காகிதத்தில் இது 400இலிருந்து 6400 ஹெர்ட்ஸ்வரை. வாசித்தால்? 30இல் 770 ஹெர்ட்ஸ், 105இல் 3960 ஹெர்ட்ஸ். நான்கு ஆக்டேவ் தருவதாகச் சொன்ன பேட்ச் கைக்குத் தருவது இரண்டரை ஆக்டேவுக்கும் குறைவு. "வெலாசிட்டி வேலை செய்யவில்லை" என்று அளவை இன்னும் கூட்டுவார்கள். அப்போது மென்மையான சுரங்களும் சேர்ந்து பிரகாசமாகிவிடும், அடித்தளமே போய்விடும்.

செய்ய வேண்டியது வீச்சைத் திருத்துவது. வெலாசிட்டியிலிருந்து 30ஐக் கழித்து 75ஆல் வகுத்தால், 30 என்பது 0 ஆகிறது, 105 என்பது 1 ஆகிறது. வளைவை வரையும் வசதி இருந்தால் இடப்பக்கப் புள்ளியை 30க்கும் வலப்பக்கப் புள்ளியை 105க்கும் நகர்த்துவதே இது. நேர்கோடாக விட்டால் நடுத்தரமான 70 இப்போது 1750 ஹெர்ட்ஸில் விழும். அந்த ஒலிக்கு அது கொஞ்சம் வெளிச்சம் அதிகம் என்று பட்டால் அடுக்கு 1.5 கொடுங்கள். 70 என்பது 1180 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்; 30உம் 105உம் இருந்த இடத்திலேயே இருக்கும். வீச்சு முதலில், வளைவு பிறகு. இந்த வரிசையை மாற்றினால் இரண்டையும் மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான், ஏனென்றால் முனைப்புள்ளி நகரும்போதெல்லாம் நடுவும் நகரும்.

மேல்முனையை 105இலேயே வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் அதற்கு மேல் எவ்வளவு அடித்தாலும் ஒரே பதில், உச்சத்தில் இசை தட்டையாகிவிடும். 105இல் 0.9 வரட்டும், மிச்சம் பத்து சதவீதத்தை 105இலிருந்து 127வரை மெல்லச் சரிவாக நீட்டிவிடுங்கள். எப்போதாவது வரும் பேரடிக்கு அந்த இடம் வேண்டும். கீழ்முனையில் இந்தக் கவனம் அவ்வளவு தேவையில்லை. 30க்குக் கீழே விழுபவை பெரும்பாலும் விரல் தவறிப் பட்டவை.

ஒலியளவுக்கு இதே வெலாசிட்டியை அனுப்பும்போது வேறு வளைவு. வெலாசிட்டியை நேரடியாக அலையின் உயரத்தோடு பெருக்கினால் 64இல் 6 டெசிபெல் குறையும், 32இல் 12. இது பலருக்கு மிகச் சிறிய வேறுபாடாகப் படும். அடுக்கு 2 போட்டால் 64இல் 12 டெசிபெல், 32இல் 24. இது வாசிக்க இதமான வளைவு, பல சாம்பிளர்களும் சிந்தசைசர்களும் உள்ளேயே இதைப் போட்டு வைத்திருக்கின்றன. அதைப் பார்க்காமல் நாமும் அடுக்கு 2 போட்டால் 64இல் 24 டெசிபெல் குறைந்து, நடுத்தரமாக வாசிப்பதே முணுமுணுப்பாகிவிடும். ஃபில்டரும் ஒலியளவும் ஒரே வெலாசிட்டியைப் பின்பற்றும்போது ஒலியளவை மென்மையாகவும் ஃபில்டரைத் தாராளமாகவும் விடுவது என் வழக்கம். பிரகாசம் கூடினாலே காது அதை அழுத்தமாக எடுத்துக்கொள்கிறது. டெசிபெலையும் சேர்த்துக் கூட்டினால் மிக்ஸில் அந்தச் சுரங்கள் துருத்தி நிற்கும்.

வளைவு எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதும் இங்கேதான் முக்கியம். கீபோர்டின் மெனுவில் சாஃப்ட், நார்மல், ஹார்ட் என்று ஒன்று. டிஏடபிள்யூவில் ஒன்று, ஏபிள்டன் லைவின் வெலாசிட்டி கருவியில் டிரைவ், காம்ப் என்ற இரண்டு நாப்கள் வளைவைத்தான் மாற்றுகின்றன. சிந்தசைசருக்குள் பொதுவான வெலாசிட்டி வளைவு ஒன்று. மேட்ரிக்ஸில் (சோர்ஸ்களை டெஸ்டினேஷன்களோடு இணைக்கும் பட்டியலில்) அந்த ஒரு இணைப்புக்கு மட்டுமான வளைவு இன்னொன்று. கையையும் கீபோர்டையும் பொருத்துவதற்கு ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தால் கீபோர்டிலேயே. ஒலிக்கான வளைவை மேட்ரிக்ஸில் வையுங்கள். நடுவில் உள்ள மற்ற எல்லாம் நேர்கோடு. இப்படிப் பிரித்தால் கீபோர்டை மாற்றும்போது ஒவ்வொரு பேட்ச்சையும் திறந்து திருத்த வேண்டியிருக்காது.

மாட் வீலில் வைப்ரேட்டோ என்பது வளைவின் பலன் உடனே தெரியும் இடம். எல்எஃப்ஓ (மெதுவாக அலையும் ஆசிலேட்டர்) பிட்ச்சை அசைக்கிறது, வீல் அந்த அசைவின் அளவைப் பெருக்குகிறது. அதிகபட்சம் 50 சென்ட் (அரை செமிடோன்) என்று வையுங்கள். நேர்கோடாக இருந்தால் வீலின் பாதியில் 25 சென்ட், கால்வாசியில் 12.5 சென்ட். பாட்டுக்கு வேண்டிய நுண்ணிய அசைவெல்லாம் வீலின் அடியில் நெருங்கிக் கிடக்கும். அடுக்கு 2 போட்டால் கால்வாசியில் 3 சென்ட், பாதியில் 12.5, முக்காலில் 28. கை இப்போது நிதானமாக ஏறலாம்.

இங்கே ஒரு பொறி. வளைவை வீலின் மேல் போட வேண்டும், வீலும் எல்எஃப்ஓவும் பெருக்கி வந்த விடையின் மேல் போடக் கூடாது. விடையை வளைத்தால் சைன் அலையே உருமாறும்: உச்சிகள் கூராகி, நடுவில் பூஜ்யத்தை ஒட்டி அலை தங்கிவிடும், வைப்ரேட்டோ விட்டுவிட்டு உதறுவது போலக் கேட்கும். அதைவிட மோசமானது, பூஜ்யத்துக்கு மேலும் கீழும் போகும் பைபோலார் அலையைச் சும்மா வர்க்கப்படுத்துவது. கழித்தல் பக்கமும் கூட்டலாகிவிடும். பிட்ச் மேலே மட்டும் போகும், அசைவின் வேகம் இரட்டிக்கும், சுரமும் கூர்ந்து ஒலிக்கும். பைபோலார் சிக்னலை வளைக்க வேண்டுமானால் குறியைத் தனியே வைத்துக்கொண்டு அளவை மட்டும் அடுக்குக்கு உயர்த்தி, பிறகு குறியைத் திரும்பச் சேர்க்க வேண்டும். உங்கள் சிந்தசைசர் இதைத் தானாகச் செய்கிறதா என்று பார்க்க, மெதுவான ஒரு எல்எஃப்ஓவைப் பிட்ச்சுக்கு விட்டு, வளைவைப் போட்டபின்னும் சுரம் இருபுறமும் சமமாக இறங்கி ஏறுகிறதா என்று ட்யூனரில் பாருங்கள்.

மேட்ரிக்ஸில் வளைவு வசதியே இல்லாத சிந்தசைசர்களும் உண்டு. அவற்றில் ஒரு இணைப்பின் அளவை இன்னொரு சோர்ஸ் பெருக்கும் வசதி இருந்தால் போதும். வெலாசிட்டியை வெலாசிட்டியாலேயே பெருக்கினால் அடுக்கு 2 கிடைத்துவிட்டது. எதிர்த்திசை வளைவுக்கு இரண்டு வரி தேவை: முதல் வரியில் வெலாசிட்டி நேராகக் கூட்டல் 100 சதவீதம், இரண்டாவது வரியில் வெலாசிட்டியால் பெருக்கிய வெலாசிட்டி, கழித்தல் 50 சதவீதம். உச்சியில் மொத்தம் 50 சதவீதம் வரும், நடுவில் 37.5, அதாவது உச்சியின் முக்கால் பங்கு. மொத்த அளவு பாதியாகிவிடும் என்பதால் டெஸ்டினேஷனில் அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மாடுலரில் இதே வேலையை, டிசியை, அதாவது மாறாமல் நிற்கும் வோல்டேஜையும், கடத்தும் நேர்க்கணக்கு விசிஏ ஒன்றின் இரண்டு உள்ளீடுகளுக்கும் ஒரே வோல்டேஜைக் கொடுத்துச் செய்யலாம்.

செங்குத்தான வளைவுக்கு ஒரு விலை உண்டு: படிகள். மிடி 1.0இன் சாதாரண கன்ட்ரோலர் 128 மதிப்புகளையே அனுப்பும். பத்து ஆக்டேவுக்கு நேர்கோடாக விரித்தால் ஒரு படிக்கு 0.94 செமிடோன்; ரெசனன்ஸ் (கட்ஆஃபை ஒட்டிய ஒலியைத் தூக்கிக்காட்டுவது) கூடியிருந்தால் ஏணியில் ஏறுவது தனித்தனியாகக் கேட்கும். அடுக்கு 3 போட்டால் அடியில் படிகள் நுணுக்கமாகும், உச்சியில் பெரிதாகும்: 126இலிருந்து 127க்குப் போகும் கடைசிப் படி மட்டும் 2.8 செமிடோன். வர்க்கமூல வளைவோ அடியில் கொடுமை. 0இலிருந்து 1க்குப் போகும் முதல் படியிலேயே வெளியீடு 0.089 ஆகிவிடும், பத்து ஆக்டேவில் கிட்டத்தட்ட ஒரு முழு ஆக்டேவ் தாவல். வீலைத் தொட்டதும் ஃபில்டர் துள்ளினால் இதுதான் காரணம். அடியில் வேகமாக ஏற வேண்டும் என்றால் வர்க்கமூலத்தைத் தவிர்த்து, சரிவு எங்கேயும் 2ஐத் தாண்டாத வளைவாக வரையுங்கள். மேலே சொன்ன இரண்டு வரி வளைவு அப்படிப்பட்டதுதான்.

படிகளை மழுங்கடிக்க ஸ்மூத்திங் உதவும். வீலுக்கும் நாப்புக்கும் 10 முதல் 20 மில்லிசெகண்ட் போதுமானது. வெலாசிட்டிக்குப் போடவே கூடாது. முந்தின சுரத்தின் மதிப்பிலிருந்து இந்தச் சுரத்தின் மதிப்புக்கு ஃபில்டர் வழுக்கிக்கொண்டு வரும், ஒவ்வொரு அட்டாக்கும் கலங்கும்.

ஆஃப்டர்டச்சுக்கு, அதாவது சாவியை அடித்தபின் மேலும் அழுத்துவதற்கு, வீச்சுத் திருத்தம், ஸ்மூத்திங், வளைவு மூன்றும் சேர்ந்து தேவைப்படும். பல கீபோர்டுகளில் விரல் சாவியின் அடியைத் தொட்டபின் கொஞ்சம் அழுத்தினாலே எண் கிடுகிடுவென்று மேலே ஓடிவிடும். சும்மா வாசிக்கும்போதே சின்னச் சின்ன மதிப்புகளும் கசியும். முதலில் கீழே 12வரை உள்ளதை ஒதுக்குங்கள். 12ஐ வெட்டிவிட்டு 13இலிருந்து அப்படியே விட்டால் அங்கே ஒரு தாவல் கேட்கும். 12ஐக் கழித்து 115ஆல் வகுத்தால் பூஜ்யத்திலிருந்தே எழும். அடுத்து ஸ்மூத்திங்: ஏறும்போது 30 மில்லிசெகண்ட், இறங்கும்போது 100 என்று வேறுவேறாக வைக்க முடிந்தால் மிக நன்று. கடைசியில் அடுக்கு 2 அல்லது 3.

ஒவ்வொரு விரலின் அசைவையும் தனித்தனியாக அனுப்பும் எம்பிஇ கருவிகளில், அழுத்தத்துக்கும் சிசி 74க்கும் (விரல் சாவியின்மேல் முன்னும் பின்னும் நகர்வதற்கும்) தாராளமாக வளைவு போடலாம். சுரவாரியான பிட்ச் பெண்டை மட்டும் தொடாதீர்கள். அதன் வழக்கமான வீச்சு இருபுறமும் 48 செமிடோன். விரல் நகர்ந்த தூரமும் சுரம் நகர்ந்த தூரமும் ஒத்திருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. லேசாக வளைத்தாலும் அடுத்த சாவிக்குச் சறுக்கும் விரல் தவறான சுரத்தில் போய் நிற்கும்.

கீ ட்ராக்கிங்கும் (எந்தச் சாவி என்பதைப் பொறுத்து மதிப்பு மாறுவது) ஒரு மாடுலேஷன் சோர்ஸ் என்பது பலருக்கு மறந்துபோகிறது. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7இல் ஒரு பிரேக் பாயின்ட் சுரத்தைக் குறித்து, அதற்கு இடப்பக்கம் ஒரு வளைவு, வலப்பக்கம் ஒரு வளைவு என்று ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் (அலையை உருவாக்கும் அலகுக்கும்) தனித்தனியாகக் கொடுக்கலாம். நேர்கோடு, எக்ஸ்பொனென்ஷியல் இரண்டிலும் கூட்டல், கழித்தல் என்று மொத்தம் நான்கு வகை. ஒரு ஆபரேட்டர் இன்னொன்றை அசைத்து உருவாக்கும் எஃப்எம் ஒலி மேல் ஆக்டேவ்களில் கீச்சிடுவதை இதைவிடச் சுத்தமாக அடக்கும் வழி இல்லை. மாடுலேட்டரின் (அசைக்கும் ஆபரேட்டரின்) அளவை, நடு சி சுரத்துக்கு மேலே கழித்தல் எக்ஸ்பொனென்ஷியலில் இறக்குங்கள். முதல் ஆக்டேவில் மாற்றம் தெரியாது, அதற்கு மேலேதான் கடிக்கும், தேவையும் அங்கேதான்.

கடைசியாக, வளைவைச் சோதிக்கும் முறை. வாசித்துக்கொண்டே மாற்றினால் கை சில நிமிடங்களிலேயே புதிய வளைவுக்குப் பழகிவிடும். எந்த வளைவும் சரியென்றே படும். ஆகவே ஒலியை அணைத்துவிட்டு, அல்லது வெலாசிட்டி எதுவுமே பாதிக்காத ஒரு எளிய ஒலியில், எட்டு பார் வாசித்து மிடியாகப் பதிவு செய்யுங்கள். அதைச் சுழற்சியில் ஓடவிட்டு வளைவைத் திருத்துங்கள், கை கீபோர்டில் வேண்டாம். ஒரு நிலைக்கு வந்தபின் புதிதாக மறுபடி வாசித்துப் பதிவு செய்து, இரண்டு பதிவுகளின் வெலாசிட்டிப் பட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவதில் பட்டைகள் மொத்தமாக உயர்ந்திருந்தால் வளைவு இன்னும் கஞ்சத்தனமாக இருக்கிறது, கை அதை ஈடுகட்ட உழைக்கிறது. அடுக்கைக் கொஞ்சம் குறையுங்கள். தாழ்ந்து ஒரே உயரத்தில் குறுகியிருந்தால் கை பயந்து வாசிக்கிறது, அடுக்கைக் கூட்டுங்கள். இரண்டு பதிவும் ஏறத்தாழ ஒரே பரவலில் இருந்தால் அந்த வளைவை பேட்ச்சோடு சேமித்துவிடலாம்.